தொண்ணூற்றொரு காலடி உள்ளே

ஹஜ்ஜி தன்னூனின் பண்ணை போன வருஷம் வாங்கிய மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று. அந்த வட்டாரத்தில் கணக்கெடுத்த முப்பத்தெட்டுப் பண்ணைகளில் அதுதான் கடைசி.

இப்படி மதிப்பெண் போடுவதுதான் இப்திஹாலின் வேலை. ஒரு பண்ணைக்குள் எவ்வளவு நிலம், விதை, உரம், டீசல், ஆள் உழைப்பு போகிறது, அதிலிருந்து எவ்வளவு கோதுமை வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். வட்டாரத்திலேயே நன்றாக எடுக்கிறவருக்கு நூறு. மற்ற எல்லோரையும் அவரோடு நிறுத்திப் பார்த்து மார்க். மோசுல் நகரம் தாயிஷ் என்கிற ஐ.எஸ். தீவிரவாதிகளின் கையில் இருந்த மூன்று வருஷத்தைக் கழித்துவிட்டால் அவளுக்குப் பதினோரு வருஷ அனுபவம். அந்த மூன்று வருஷமும் அவள் வீட்டை விட்டுத் தெருமுனைக்குக்கூடப் போனதில்லை. அந்தப் பயம் உடம்பில் எங்கேயோ தங்கிவிட்டது. முப்பத்தாறு வயதில், கார் கதவை யாராவது வேகமாகச் சாத்தினால் இன்னும் தோள் குலுங்கும்.

"அந்த ஆளு மானிய விதையை வாங்கி வெளியில விக்கிறான்," என்றார் பிரிவுத் தலைவர் முவஃபக். "நூத்தி இருபது தூனம் நிலத்துல கோதுமைனு எழுதிக் குடுக்கிறான். கொள்முதல் கிடங்குக்கு வர்றது அதுல பாதிக்கும் கம்மி. இந்த வருஷம் அம்பதுக்குக் கீழ வாங்கினா அவனுக்கு விதையும் கிடையாது, உரமும் கிடையாது. நீ நேர்ல போய் அறுத்து எடை போட்டுட்டு வா. எண் எந்த இடத்தைக் காட்டுதோ அந்த இடத்துல அறு. அவன் கை காட்டுற இடத்துல இல்ல."

அவர் தலைக்கு மேலே சுவரில் வட்டார வரைபடம் இருந்தது. கண்ணிவெடி இருக்கிற ஊர்களுக்குச் சிவப்பு, இல்லாத ஊர்களுக்குப் பச்சை. கிளம்புமுன் இப்திஹால் எப்போதும் அதை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். சிவப்பு ஊர் என்றால் என்ன ஆனாலும் போகமாட்டாள். தன்னூனின் ஊரான தல் ருமைல் பச்சையாக இருந்தது.

மே மாதக் கடைசி. அந்த வருஷம் பெய்த மழை மாதிரிப் பத்து வருஷத்தில் பெய்ததில்லை. சாலையின் இரண்டு பக்கமும் கோதுமை இடுப்புயரத்துக்கு முற்றி நின்றது.

"இந்த வருஷம் கல்லு மேல விதைச்சிருந்தாலும் விளைஞ்சிருக்கும்," என்றார் டிரைவர் கானிம். அலுவலகத்தின் பழைய பிக்கப்பை இருபது வருஷமாக ஓட்டுகிறவர். "இந்த வருஷமும் விளைச்சல் இல்லைங்கிறவன் ஒண்ணு திருடன், இல்ல சோம்பேறி. ரெண்டும் இல்லைன்னா மோசுல்காரக் கஞ்சன். விதையைத் தூவ மனசு வராம மடியிலேயே முடிஞ்சு வச்சிருப்பான்."

"நானும் மோசுல்காரிதான் கானிம் அண்ணே."

"அதான் காலையில இருந்து பாக்கிறேனே. ரொட்டி வாங்குனீங்க, எனக்குப் பாதி பிச்சுக் குடுத்தீங்க. அந்தப் பாதியும் சின்னப் பாதி."

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அத்தோடு சரி.

தன்னூனின் வீடு வயலை ஒட்டியே இருந்தது. அறுபதைத் தொடுகிற ஆள். நெட்டையான உடம்பு, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிக்கப் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் ஓடிவரவில்லை. வாசலில் நின்றபடியே தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாக வந்து கானிமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்திஹாலுக்கு நெஞ்சில் கைவைத்து சலாம் சொன்னார்.

"வாங்க எஞ்சினியரம்மா. உள்ள வந்து உக்காருங்க. மருமக டீ போடுறா. மத்தியானம் புர்குல் சோறு இருக்கு, கோழி இருக்கு. சாப்பிட்டுட்டு வேலையைப் பாக்கலாம்."

"வேலையை முடிச்சிடுறேன் ஹஜ்ஜி. வெயில் ஏறுது."

"டீயாவது குடிங்க."

"அதுக்குள்ள டீ ஆகட்டும். நான் அறுத்துட்டு வந்துடுறேன்."

வட்டாரத்தில் எந்த விவசாயியும் இப்படித்தான் இழுப்பான் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் டீ, அப்புறம் சோறு, அப்புறம் நல்ல பயிர் நிற்கிற மூலைக்குக் கூட்டிப்போவான். அதைத் தடுக்கத்தான் எண் எடுக்கிற முறை. கானிம் சட்டைப்பையிலிருந்து ஒரு தினார் நோட்டை எடுத்து நீட்டினார். நோட்டின் வரிசை எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் என்னவோ, அச்சடித்த அட்டவணையில் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

"நோட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் கானிம். "மோசுல் கையில போனது ஊருக்குத் திரும்பி வந்ததா கேள்விப்பட்டதில்ல."

அட்டவணை சொன்னது: வயலின் தெற்கு ஓரமாக அறுபத்து நான்கு காலடி நடக்க வேண்டும். அங்கிருந்து உள்ளே தொண்ணூற்றொரு காலடி.

தன்னூன் அந்த எண்களைக் கேட்டார். தெற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மகளே, அந்தப் பக்கம் வேண்டாம். வடக்குப் பக்கம் அறுங்க. அங்கதான் பயிர் நல்லா இருக்கு."

"நல்லா இருக்கிற இடம் எனக்கு வேண்டாம் ஹஜ்ஜி. எண் சொல்ற இடம்தான் வேணும்."

"இன்னொரு நோட்டு எடுக்கலாமே. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"ஒரு தடவைதான் எடுக்கணும். அதுதான் சட்டம்."

"அங்க பாம்பு இருக்கு."

"பதினோரு வருஷத்துல எத்தனை பாம்பு பாத்திருப்பேன்!"

அவர் சிரிக்கவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். திருடனுக்கு இருக்கிற பயம் என்று இப்திஹால் நினைத்தாள். விதையை விற்றது இன்றைக்கு வெளியே வந்துவிடும், அந்தப் பயம். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தனையாவது கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு போய் முவஃபக் முன்னால் நிறுத்தினால், அடுத்த பதவி உயர்வில் அவள் பெயரைத் தாண்டிப் போகமுடியாது.

தெற்கு ஓரத்தில் அறுபத்து நான்கு காலடி நடந்தாள். இரும்பு முளையை வயல் ஓரத்தில் அடித்து, நூறு மீட்டர் நாடாவின் வளையத்தை அதில் மாட்டினாள். நாடாவின் ரீல் இடதுகையில். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டம் வலதுகையில்; அதற்குள் விழுகிற பயிரைத்தான் அறுத்து எடைபோட வேண்டும். அரிவாளும் பையும் இடுப்பில். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் காலடி அளவு மாறாது. சரியாக முக்கால் மீட்டர். நாடா எதற்கென்றால், பிறகு யாரும் எண்ணிக்கையில் சந்தேகம் சொல்லக்கூடாது என்பதற்காக.

தன்னூன் முளைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். ஆனால் சொல்லவில்லை.

இப்திஹால் பயிருக்குள் இறங்கினாள்.

முதல் இருபது காலடி வரைக்கும் கோதுமை அடர்த்தியாக நின்றது. அதற்கு மேல் போகப் போக அவளுக்கு விஷயம் புரிந்தது. கருவி போட்டு விதைத்த வயலில் பயிர் வரிசை வரிசையாக நிற்கும். இங்கே வரிசை இல்லை. ஓரத்தில் மட்டும் கையால் வீசியிருக்கிறார்கள். உள்ளே நிற்பது போன வருஷங்களில் உதிர்ந்து தானாக முளைத்த கோதுமை. ஒரு தாள் இங்கே, ஒரு தாள் அங்கே. நடுவில் காட்டு ஓட்ஸும், முள்செடியும், மஞ்சள் பூத்து முற்றிய காட்டுக்கடுகும். சாலையிலிருந்து பார்த்தால் மட்டும்தான் இது வயல்.

பிடித்துவிட்டேன், என்று நினைத்தாள். முப்பத்தி ஆறு, முப்பத்தி ஏழு. விதைக்கவே இல்லை. முப்பத்தி எட்டு. இத்தனை தூனத்து விதையும் உரமும் எங்கே போச்சுனு இன்னைக்கு அந்த ஆள் சொல்லணும். முப்பத்தி ஒன்பது. நாற்பது.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது.

ஒரு பெண்ணின் குரல். வார்த்தை எதுவும் முதலில் புரியவில்லை. கண்ணாடி உடைகிற சத்தம் கூடவே வந்தது. இப்திஹால் நின்ற இடத்தில் நின்றாள். வலதுகால் முன்னே, இடதுகால் பின்னே. இடது குதிகால் பாதி தூக்கியபடி.

"நில்லுங்க! அசையாதீங்க! அல்லா மேல ஆணையா காலை எடுக்காதீங்க!"

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள். வயல் ஓரத்தில் கறுப்பு உடையில் ஒரு பெண். காலடியில் டீத்தட்டும் உடைந்த குவளைகளும் கிடந்தன. தன்னூனின் மருமகள் கவ்லா. டீயோடு வந்தவள், விருந்தாளி எங்கே நிற்கிறாள் என்பதைப் பார்த்துவிட்டாள்.

"வெடி இருக்கு அங்க! வயல் முழுக்க வெடி!"

இப்திஹாலின் காதுக்குள் கொய்யென்று ஒரு சத்தம் எழுந்தது. வெயில் அப்படியேதான் இருந்தது, ஆனால் உடம்பு ஒரே நொடியில் குளிர்ந்துவிட்டது. முதலில் அவள் நினைத்தது ஒரு அற்ப விஷயம்: பச்சை. இந்த ஊர் பச்சை. யாரோ தப்பாகச் சொல்கிறார்கள். பிறகு ஓரத்தில் நிற்கிற தன்னூனின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலைத்துணியின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். அப்போது நம்பினாள்.

தூக்கிய குதிகாலை, எடுத்த அதே இடத்தில் மெதுவாக இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் இரண்டும் ஆட ஆரம்பித்தன. அந்த ஆட்டமே போதும், எதையாவது அழுத்திவிடும் என்று தோன்றியது. அழுத்தித் தரையில் ஊன்றவும் பயம், ஊன்றாமல் இருக்கவும் பயம்.

தன்னூன் பயிருக்குள் ஒரு காலை வைத்தார். "மகளே, இரு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்."

"வராதீங்க!" தன் குரல் இத்தனை கூர்மையாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. "நீங்க மிதிச்சா ரெண்டு பேரும் சாவோம். வெளிய போங்க!"

அவர் காலை எடுத்துக்கொண்டார். பிக்கப் பக்கமிருந்து ஓடிவந்த கானிம், விஷயம் புரிந்ததும் வயலுக்கு மூன்று கஜம் முன்னாலேயே உறைந்து நின்றார். தெரிந்த ஓதலையெல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து சத்தமாக ஓத ஆரம்பித்தார்.

சட்டம் கனத்தது. நாலு கிலோ இரும்பு. கீழே வைக்க முடியாது. ஒரு மீட்டர் அகலத்தில் அது எதன் மேல் விழும் என்று யார் சொல்வது? மெல்ல அதை உயர்த்தித் தலைவழியாக விட்டு ஒரு தோளில் மாட்டிக்கொண்டாள். இரும்பு கழுத்தில் சுட்டது. கண்ணை மூடினாள். மூடினால் கால் தடுமாறும் என்று பயந்து உடனே திறந்தாள்.

"அக்கா," என்று கவ்லாவின் குரல் வந்தது. இப்போது அலறவில்லை. "அக்கா, நீங்க வந்த வழியில திரும்பி வரமுடியுமா? தாள் மடிஞ்சது தெரியுதா?"

பார்த்தாள். தெரியவில்லை. பாதி பச்சையும் பாதி காய்ந்துமாக நின்ற களை எல்லாம் அவள் கடந்ததுமே நிமிர்ந்துகொண்டிருந்தது. வந்த வழி என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. வீட்டில் அம்மா வெண்டைக்காய் வாங்கிவரச் சொன்னது ஞாபகம் வந்தது. யார் வாங்கிப்போவார்கள்?

இடதுகையில் ரீல் இருந்தது. அதைப் பிடித்திருப்பதையே மறந்திருந்தாள்.

நாடா. அவளுடைய இடது பக்கமாக நீண்டு, களைகளின் மேல் படிந்து, முளை வரைக்கும் போகிறது. நாடாவில் அளவு இருக்கிறது. அவள் காலடி முக்கால் மீட்டர். நாற்பதாவது அடி முப்பது மீட்டரில். முப்பத்தொன்பதாவது, இருபத்தொன்பதே கால். அதற்கு முன்னது இருபத்தெட்டரை. இரட்டை எண்ணெல்லாம் வலதுகால், ஒற்றை எண்ணெல்லாம் இடதுகால்.

"கவ்லா!" என்று கத்தினாள். "அந்த முளைகிட்ட உக்காரு. நாடாவோட நுனியைப் பிடிச்சுக்கோ. இழுக்காத. காத்துல நகராம மட்டும் பாத்துக்கோ."

கவ்லா உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் நாடாவைத் தரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

திரும்புவதுதான் முதல் வேலை. இரண்டு கால் தடத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்குச் சொந்தமில்லை. முன்பாதத்தை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக, செருப்பைத் தேய்த்து, உடம்பைத் திருப்பினாள். இரண்டு நிமிஷம் ஆனது. பிறகு குனிந்து, வலதுகால் இருந்த இடத்திலேயே ரீலை வைத்தாள். நாடாவைப் பார்த்தாள். இருபத்தொன்பதே காலில் அவள் நிற்கிறாள். அடுத்தது இருபத்தெட்டரை. அந்தக் கோட்டுக்கு நேராக, ஒரு சாண் தள்ளி, களையை விரலால் விலக்கினாள். ஒரு முள்செடியின் தண்டு நசுங்கிச் சாறு கசிந்திருந்தது. அவளுடைய தடம்தான். காலை வைத்தாள்.

வெடிக்கவில்லை.

அப்படியே அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு தடவையும் குனிவது, அளவைப் படிப்பது, விலக்கிப் பார்ப்பது, காலை வைப்பது, வைத்தபின் மூச்சை விடுவது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. கானிமின் ஓதல் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. "எத்தனை அக்கா?" என்று கவ்லா அவ்வப்போது கேட்டாள். "இருபத்தி மூணே கால்." "வாங்க, வாங்க." "பதினெட்டு." "வாங்க."

பதினைந்து மீட்டரில் நாடா விலகியிருந்தது. காற்றோ, அவள் போகும்போது இழுத்ததோ, அங்கே நாடா ஒரு பெரிய முள்செடியில் மாட்டிப் பக்கவாட்டில் வளைந்திருந்தது. அந்த மூன்று மீட்டருக்கு அளவை நம்பமுடியாது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தாள்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். ஒரு மடிந்த தாளும் இல்லை. கையை இன்னும் கொஞ்சம் நீட்டி ஒரு கொத்துப் புல்லை விலக்கியபோது மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பூ என்று நினைத்தாள். பூ இல்லை. மண்ணுக்குள் புதைந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூலை. மழை மேல்மண்ணை அரித்து அதை ஒரு விரற்கடை வெளியே காட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போனது.

அதற்கு ஒரு சாண் தள்ளி அவளுடைய செருப்பின் பதிவு இருந்தது. ஈரம் காயாத ஒரு பொட்டு மண்ணில், குதிகாலும் விளிம்பும் தெளிவாக.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமாக, ஒருத்தனைப் பிடித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு, இதைத் தாண்டிப் போயிருக்கிறாள். தொடையில் சூடாக ஏதோ ஓடியது. சிறுநீர் என்று புரிய நேரமானது. வெட்கப்படக்கூட உடம்பில் இடம் இல்லை.

"அக்கா? அக்கா, பேசுங்க!"

"இங்க ஒண்ணு இருக்கு," என்றாள் இப்திஹால். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. மறுபடி சொன்னாள். "ஒண்ணு இருக்கு. பாத்துட்டேன்."

கானிமின் ஓதல் நின்றுவிட்டது.

"பாத்தது நல்லதுதான்," என்றாள் கவ்லா. "பாத்தது நம்மள ஒண்ணும் செய்யாது. உங்க தடம் தெரியுதா?"

"தெரியுது."

"அதுல வைங்க. அதுல மட்டும் வைங்க."

வைத்தாள். அடுத்த தடத்தைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அதன்பின் நாடா மறுபடி நேராக வந்தது. கடைசிப் பத்து காலடியில் ஓடிவிடவேண்டும் என்று உடம்பு கெஞ்சியது. ஓடவில்லை. ஒவ்வொன்றாக வந்தாள். முளையைத் தாண்டியதும் கவ்லா அவள் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தன் மேலேயே சாய்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் உடைந்த குவளைகளுக்கு நடுவில் விழுந்தார்கள். இப்திஹால் வாந்தி எடுத்தாள். பிறகு பல் கிடுகிடுவென்று ஆட, வெயிலில் உட்கார்ந்து நடுங்கினாள்.

கவ்லா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கழுவிவிட்டு, தன்னுடைய கறுப்பு உடை ஒன்றை உடுத்திவிட்டாள். அறையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு இளைஞனின் படம்.

"நஷ்வான். என் வீட்டுக்காரரு," என்றாள் கவ்லா. "ரெண்டு வருஷம் முன்னால, தாயிஷ்காரங்க ஓடின வருஷக் கடைசியில, விதைக்க டிராக்டரை இறக்கினாரு. இதே வயல்ல. கால்வாய்ப் பாதையில நடந்ததா போலீஸ்ல எழுதினோம்."

"ஏன்?"

"வயல்னு சொன்னா ஊரே சிவப்பாயிடும்னாங்க. ஊருக்கே விதை கிடைக்காதுனாங்க. ஊர்ப் பெரியவங்க எல்லாரும் வந்து மாமா காலைப் பிடிக்காத குறை. அவரு செத்த இடத்தைக்கூட நான் யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

முன்னறையில் தன்னூன் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தபின் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க," என்றாள் இப்திஹால். "நாப்பது காலடி. பாத்துக்கிட்டே நின்னீங்க."

"அம்பதுக்கு மேலதான் இருக்குனு நினைச்சேன் மகளே. வல்லாஹி, அம்பதுல உன்னை நிறுத்தணும்னுதான்..."

"பதினாலு மீட்டர்ல இருந்துச்சு!"

அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார். பதினாலு மீட்டர். போன வாரம் ஓரத்தில் களை பிடுங்கும்போது அவரே அத்தனை தூரம் போயிருக்கிறார். பேத்தி பந்து எடுக்க ஓடியிருக்கிறாள்.

"எனக்குத் தைரியம் இல்ல," என்றார். "பேச வாயைத் திறந்தேன். ஊரு ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். நீ என்னை அடி. அடிச்சிட்டுப் போ."

அவள் அடிக்கவில்லை. படிவத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"எத்தனை தூனம் உண்மையில விதைக்கிறீங்க?"

"அம்பத்தஞ்சு. வடக்குப் பக்கம் மட்டும்."

"மிச்ச விதையும் உரமும்?"

"வித்துட்டேன்," என்றார் தலைகுனிந்து. "பொய் சொல்லல."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். நூற்றிருபதால் வகுத்ததால்தான் நாற்பத்தொன்று. ஐம்பத்தைந்தால் வகுத்தால் எண்பத்தொன்பது. கால் வைக்கமுடிகிற மண்ணில் இந்த மனிதன் எடுக்கிற கோதுமை, வட்டாரத்தில் முதல் ஐந்து பேருக்குள் வரும். அதைச் சொன்னாள். தன்னூன் அது தனக்குச் சம்பந்தமில்லாத செய்தி மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

"வெடி இருக்குனு எழுதப்போறியா மகளே?"

இப்திஹால் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். எழுதினால் தல் ருமைல் முழுக்கச் சிவப்பு. இந்த மனிதரை ஊர் சும்மா விடாது. அவளையும்தான், திரும்பிப்போகிற சாலையில் நாலு பேர் வண்டியை மறித்தால் கானிம் என்ன செய்வார்? அந்தப் பயமும் சின்னதில்லை. எழுதாவிட்டால் அடுத்த வருஷம் வேறொருத்தி நாடாவோடு வருவாள்.

"எழுதுங்க," என்றாள் கவ்லா. கதவில் சாய்ந்து நின்றாள். "வெடி இருக்குனு எழுதுங்க. நஷ்வான் அங்கதான் செத்தாருன்னும் எழுதுங்க. தேதி நான் சொல்றேன்."

"கவ்லா!" என்றார் தன்னூன்.

"மாமா, ரெண்டு வருஷமா நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன். இன்னைக்கு ஆட்டமாட்டேன். பிள்ளை அந்த ஓரத்துலதான் விளையாடுது. ஊரு வந்து கத்தட்டும். கத்துறவங்களை நான் அந்த வயலுக்குள்ள நடந்து காட்டச் சொல்றேன்."

தன்னூன் மறுபடி உட்கார்ந்தார். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இப்திஹால் எழுதினாள். தேதியை கவ்லா சொல்லச் சொல்ல எழுதினாள்.

திரும்பும் வழியில், ஊர் எல்லையைத் தாண்டியதும் கானிம் வண்டியை ஓரம்கட்டப்போனார், தார் விளிம்பில் சக்கரம் இறங்குமுன் இப்திஹால் "இறக்காதீங்க!" என்று கத்தினாள். நடுரோட்டிலேயே நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதார்.

முவஃபக் படிவத்தை இரண்டு தடவை படித்தார். போன வருஷமும் அந்த ஊருக்கு ஆள் அனுப்பியவர் அவர். எழுந்துபோய் வரைபடத்துக்கு முன்னால் நின்றார். அன்று சாயங்காலமே தல் ருமைல் சிவப்பானது.

நினைத்தது எல்லாம் நடந்தது. ஊரில் தன்னூனுக்குச் சலாம் சொல்வதை நிறுத்தினார்கள். அறுவடை இயந்திரக்காரன் வரமாட்டேன் என்றான். ஐம்பத்தைந்து தூனமும் இரண்டு வாரம் தாமதமாகத்தான் அறுபட்டது, பாதி உதிர்ந்தபின். வீட்டுக் கதவில் யாரோ கல்லெறிந்தார்கள். நாலு மாதம் கழித்து, ஊரைத் துண்டுதுண்டாகப் பிரித்து ஆய்வு செய்தபோது, தன்னூனின் தெற்கு வயலும் அதை ஒட்டிய இரண்டு வயலும் மட்டும் சிவப்பாக நின்றன. மற்ற நிலங்களுக்கு விதை வந்தது. அந்த இரண்டு வயல்காரர்களில் ஒருவர் ஒரு நாள் தன்னூனின் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனாராம். தன் நிலத்தில் அதுவரைக்கும் அவர் பிள்ளைகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்திஹால் அந்தக் கோடையில் இன்னும் ஒன்பது பண்ணைகளில் அறுத்தாள். ஒவ்வொரு வயல் ஓரத்திலும் கால்மணி நேரம், அரைமணி நேரம் நின்றாள். விவசாயிகள் பொறுமை இழந்தார்கள். ஒரு இடத்தில் இறங்கவே முடியாமல் திரும்பி வந்து, மேஜை வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினாள். அதைக் கொடுத்தாள், மூன்றாம் நாள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஏன் என்று அம்மா கேட்டாள். தானில்லாவிட்டால் அனுப்பப்போகிற பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது என்று மட்டும் சொன்னாள். பயம் குறையவில்லை. பயத்தோடு இறங்கினாள், பயத்தோடு அறுத்தாள், எடைபோட்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் கவ்லா போன் செய்தாள். வெடி எடுக்கிறவர்கள் மூன்று வாரமாக வயலில் இருக்கிறார்களாம். அன்றைக்குத்தான் முடிந்ததாம்.

"பத்தொம்பது எடுத்திருக்காங்க அக்கா. மாமா தினமும் அவங்களுக்கு டீ கொண்டுபோய் ஓரத்துல வச்சுட்டு அப்படியே நிப்பாரு. இன்னைக்கு அவங்க தலைவரு ஒரு காகிதத்துல படம் வரைஞ்சு குடுத்தாரு, எது எது எங்க இருந்துச்சுனு. உங்க முளை அடிச்ச இடம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல இருந்து எண்ணிப் பாத்தேன். நாப்பதுக்கு மேல..."

"வேண்டாம் கவ்லா," என்றாள் இப்திஹால்.

"சொல்லவேண்டாமா?"

"வேண்டாம்."

அந்தப் பக்கம் கவ்லா, பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கியதைப் பற்றியும், வீட்டில் ஆடு இரண்டு குட்டி போட்டதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள். இப்திஹால் சமையலறைத் தரையில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.